அமெரிக்க ஆளுநர் ஒருவரின் அரசியல் வாழ்வைத் தேர்தல் முடிவுகளின் வழியே ஆராய்வது எப்படி?

இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவிலோ மாநில மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதால், ஆளுநர் ஏறத்தாழ நம் முதலமைச்சரின் இடத்தில் இருக்கிறார். அத்தகைய ஒருவரின் அரசியல் வாழ்வை அறிய விரும்புவோர் அவரைப் பற்றிய புகழுரைகளை ஒதுக்கிவிட்டு, அவர் நின்ற தேர்தல்களின் முடிவுகளை ஆண்டுவாரியாக எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஆர்கன்சா மாநிலத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன் போட்டியிட்ட தேர்தல்கள் இதற்குப் பொருத்தமான பாடம்.

ஆட்சிக்காலம் எத்தனை ஆண்டு என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1986 தேர்தல் முதல்தான் ஆர்கன்சா ஆளுநருக்கு நான்காண்டுப் பதவி கிடைத்தது. அதற்கு முன் இரண்டே ஆண்டு. வரியை உயர்த்தும் ஆளுநர், அதன் பலன் மக்கள் கண்ணில் படுவதற்குள் மீண்டும் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

அடுத்து, நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முன், கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலின் முடிவைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சி ஓங்கியிருந்த அக்கால ஆர்கன்சாவில் உண்மையான போட்டி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 1974இல் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற கிளின்டன், 1976இல் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) ஆனபோது பொதுத்தேர்தலில் அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சி யாரையும் நிறுத்தவில்லை.

1978இல் 32 வயதில் ஏறத்தாழ 63 விழுக்காட்டு வாக்குகளுடன் ஆளுநரானவர், 1980இல் குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் ஒயிட்டிடம் தோற்றார். இந்தத் தோல்வியை ஆராயும்போது நவம்பரிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். அவ்வாண்டின் உட்கட்சித் தேர்தலில், பிரபலமே இல்லாத ஒரு முதிய வான்கோழிப் பண்ணையாளர் 31 விழுக்காடு வாக்குப் பெற்றிருந்தார். அது அவர் மீதிருந்த அன்பால் விழுந்ததன்று, ஆளுநர் மீதிருந்த கோபத்தால் விழுந்தது என்றே கொள்ளலாம். நெடுஞ்சாலைகளுக்கு நிதி திரட்ட வாகனப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தியது கிராமப்புறத்தாரைச் சினமூட்டியது. அதிபர் கார்ட்டரின் அரசு கியூப அகதிகளை ஆர்கன்சாவிலுள்ள ஃபோர்ட் சாஃபி முகாமுக்கு அனுப்ப, அங்கே கலவரம் வெடித்தது. முடிவு வாஷிங்டனுடையது, பழி மாநில ஆளுநருக்கும் சேர்ந்தது. ஆனால் எல்லாவற்றையும், அவ்வாண்டு அதிபர் தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் ரீகன் அலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதே நாளில் ரீகன் ஆர்கன்சாவில் வென்ற வித்தியாசம் மிகச் சிறியது. கிளின்டன் தோற்ற வித்தியாசமோ அதைவிடப் பெரிது.

அதிபர் தேர்தலும் ஆளுநர் தேர்தலும் ஒரே நாளில் வரும்போதெல்லாம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். 1984இல் ரீகனுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு அளித்த அதே ஆர்கன்சா, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிளின்டனுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாக்களித்தது.

தோற்றவர் எப்படித் திரும்பினார் என்பதையும் தேடுங்கள். 1982இல் தொலைக்காட்சி விளம்பரத்திலேயே வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் கிளின்டன் களமிறங்கினார். உட்கட்சித் தேர்தலின் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால் இரண்டாம் சுற்றில் ஜோ பர்செல்லை வென்று, நவம்பரில் ஒயிட்டையும் தோற்கடித்தார். அடுத்தடுத்த வெற்றிகளை விரைவாகக் கடந்துவிடலாம்.

1990 தேர்தலில் மட்டும் சற்று நிற்க வேண்டும். நான்காண்டுகளையும் முழுமையாக ஆள்வதாக அப்போது வாக்குறுதி தந்தவர், 1991 அக்டோபரில் அதிபர் வேட்பாளராக அறிவித்துக்கொண்டார். ஆளுநர் இடையில் விலகினால் துணை ஆளுநரே அந்த இடத்துக்கு வருவார் என்பதாலும், ஆர்கன்சாவில் அவரைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதாலும், அந்தப் பதவிக்கான முடிவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளின்டன் அதிபர் தேர்தலில் வென்றபின், 1992 டிசம்பரில் துணை ஆளுநர் பதவியிலிருந்து ஆளுநரான ஜிம் கை டக்கர், 1982 உட்கட்சித் தேர்தலின் முதல் சுற்றில் அவரிடம் தோற்று மூன்றாம் இடத்தில் நின்றவர்தான்.