ரெசிடென்சியில் ப்ரொபேஷன் கடிதம் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2008-ல், கிருஷ்ணகிரி கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே எடுக்கும் மேற்பயிற்சிக்கு, போவது இனிமேல் கூடத்தான் செய்யும். பரீட்சை எழுதுவது, மேட்ச், அதாவது பயிற்சி இடம், வாங்குவது, விசா எடுப்பது வரைக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. போன பிறகு ஒரு நாள் பயிற்சியை நடத்தும் ப்ரோக்ராம் டைரக்டர் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ப்ரொபேஷன், அதாவது குறையைக் குறித்த காலத்துக்குள் திருத்திக்காட்ட வேண்டும், என்று ஒரு கடிதத்தை நீட்டினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, ஏனென்றால் அதைக் கடந்து வந்தவர்கள் சொல்ல வெட்கப்படுகிறார்கள். நான் அங்கே பயிற்சி முடித்துவிட்டு வந்து கிருஷ்ணகிரியில் பிராக்டிஸ் செய்கிறேன். ஜூனியர்கள் இந்த விஷயத்துக்காகப் போன் செய்யும்போது திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான தவறுகளைத்தான் கேட்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு அந்த அறையிலேயே நடந்துவிடுகிறது. ஒரு தம்பி இங்கே விடியற்காலை இருக்கும்போது கூப்பிட்டான், குரலே சரியில்லை. "கடிதத்துல என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றேன். "சரியா படிக்கலைங்கண்ணா. இனிமே நல்லா பண்றேன்னு சொல்லிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றான். நம்ம ஊரில் சீஃப் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க சார், இனிமே சரியா செய்றேன் சார்" என்று சொல்லிவிட்டால் விஷயம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், மறுநாள் அவரே கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுப்பார். அங்கே அப்படி முடியாது. அது கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை, உங்கள் ஃபைலில் ஏறிவிட்ட காகிதம். அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, குறை என்ன, எதை நிரூபிக்க வேண்டும் எல்லாம் இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். கையெழுத்து என்பது கடிதம் கிடைத்தது என்பதற்கா, எழுதியிருப்பதை ஒத்துக்கொள்கிறேன் என்பதற்கா என்று கேளுங்கள். படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

படித்த பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தத் திறனில் குறை? அங்கே ரெசிடெண்டை ஆறு திறன்களில் மதிப்பிடுகிறார்கள்: நோயாளி கவனிப்பு, மருத்துவ அறிவு, தன் வேலையிலிருந்தே கற்றுக்கொள்வது, பேச்சும் தொடர்பும், தொழில் ஒழுக்கம், மருத்துவமனை அமைப்புக்குள் வேலை செய்யத் தெரிவது. இதில் எது? எந்தச் சம்பவங்களை வைத்துச் சொல்கிறார்கள்? யார் மேற்பார்வை, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பு? எதைச் செய்து காட்டினால் முடிந்தது என்று ஒத்துக்கொள்வார்கள்? ப்ரோக்ராம் டைரக்டர் ஒருவரே நினைத்துச் செய்வதல்ல இது. குறைந்தது மூன்று ஃபேகல்ட்டி கொண்ட ஒரு குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது உட்கார்ந்து எல்லா ரெசிடெண்டையும் அலசுகிறது, அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். ஆகவே டைரக்டரைச் சமாதானப்படுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் குழு பார்ப்பது உங்களைப் பற்றி அட்டெண்டிங்குகள், அதாவது மேற்பார்வை செய்யும் மூத்த டாக்டர்கள், எழுதிய மதிப்பீடுகளை.

அடுத்த தவறுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, ஏனென்றால் அதைச் செய்கிறவர்கள் கடுமையாக உழைக்கிறவர்கள். ப்ரொபேஷன் என்றதும் "நமக்குப் படிப்பு பத்தவில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டு, தூக்கத்தை விட்டுவிட்டு, கேள்வி வங்கியைப் போட்டு ராத்திரி முழுக்க உருட்டுகிறார்கள். சின்ன வயதிலிருந்து எந்தப் பிரச்சினைக்கும் நமக்குச் சொல்லித்தந்த ஒரே மருந்து படி, இன்னும் படி என்பதுதானே. அந்தத் தம்பியின் கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டால் அதில் அறிவுக் குறை என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்ததெல்லாம் ஹேண்ட் ஆஃப், அதாவது டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைப்பது, அப்புறம் கேஸ் சொல்லும்போது ஏன் அந்த முடிவுக்கு வந்தான் என்பதை விளக்காமல் விடுவது.

அது அவன் குறை மட்டுமில்லை, வளர்ந்த இடம் அப்படி. நம்ம ஜி.எச். வார்டில் ஒரு பக்கம் பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் போய்க்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் பாம்புக்கடி வந்து இறங்கும், அந்த நேரத்தில் டியூட்டி மாறினால் "மூணாவது பெட்டை கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பதுதான் ஹேண்ட் ஆஃப். கேட்பவருக்கும் புரிந்துவிடும், ஏனென்றால் மூன்றாவது பெட்டில் என்ன என்று வார்டுக்கே தெரியும். அங்கே ராத்திரி டியூட்டிக்கு வருபவர் பல குழுக்களின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்ப்பார், உங்கள் நோயாளியின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார். அதனால் ஐ-பாஸ் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள், நிறைய இடங்களில் அதுதான் வழக்கம்: நோயாளி எவ்வளவு மோசம், கதைச் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், இப்படி ஆனால் அப்படிச் செய்யுங்கள் என்ற முன்யோசனை, கடைசியாகக் கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. "கிட்னி ஃபெயிலியர் பேஷண்ட், பொட்டாசியம் வரணும், பாத்துக்கோங்க" என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அதே விஷயத்தை "எட்டு மணிக்கு பொட்டாசியம் ரிப்போர்ட் வரும், 6-க்கு மேல் இருந்தால் உடனே ஈசிஜி எடுத்து கால்சியம் குளூக்கோனேட் கொடுத்துவிட்டு நெஃப்ராலஜிக்குப் போன் போடுங்கள், அதற்குக் குறைவாக இருந்தால் நடு ராத்திரி இன்னொரு முறை பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் வேலை முடிந்தது. இதற்கு எந்தக் கேள்வி வங்கியும் உதவாது. சீஃப் ரெசிடெண்டிடம் போய் "நான் ஹேண்ட் ஆஃப் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள்" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேட்கத்தான் நமக்கு நாக்கு எழாது.

கேஸ் சொல்வதும் அதே போலத்தான். நமக்கு நோயறிதல் சட்டென்று வந்துவிடும், நோயாளியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஆனால் வேறு என்னவெல்லாம் யோசித்தீர்கள், ஏன் அதை விட்டீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அட்டெண்டிங்குக்கு அது யோசிக்காத மாதிரிதான் தெரியும்.

இனி சொல்லப்போவதில்தான் வேலையே போகும். ப்ரொபேஷனில் இருக்கும்போது நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில் சின்னச் சின்னப் பொய்கள் உள்ளே வரும். வாரத்துக்கு 80 மணி நேரம், நான்கு வாரச் சராசரியாக, என்பது அங்கே வரம்பு. அதைத் தாண்டி வேலை செய்துவிட்டு, வேகமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து குறைத்துப் பதிவு செய்வார்கள். ரவுண்ட்ஸில் "காலையில் வயிற்றைப் பார்த்தாயா?" என்று கேட்டால் பார்க்காமலேயே "பார்த்தேன், சாஃப்ட்" என்று வாய் சொல்லிவிடும். நேற்றைய நோட்டை அப்படியே காப்பி செய்து இன்றைக்குப் போட, அதில் எடுத்துவிட்ட கதீட்டர் இன்னும் உள்ளே இருப்பதாக வரும். அறிவுக் குறைக்கும் பேச்சுக் குறைக்கும் அங்கே பொறுமை உண்டு, சொல்லித்தரத் தயாராக இருக்கிறார்கள். நேர்மையில் சந்தேகம் வந்துவிட்டால் அது தொழில் ஒழுக்கம் என்ற தலைப்புக்குப் போய்விடும், அங்கிருந்து மீண்டு வருவது மிகக் கடினம். "இல்லை, நான் பார்க்கவில்லை, இப்போதே போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்பவரை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், கோபம். ராத்திரி உட்கார்ந்து நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, என்னை மட்டும் குறிவைக்கிறார்கள், மற்றவன் செய்ததை ஏன் கேட்கவில்லை என்று டைரக்டரிலிருந்து கோஆர்டினேட்டர் வரை எல்லாருக்கும் அனுப்புவது. பாகுபாடு நிஜமாகவே நடக்கலாம், நடக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் தேதி, இடம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார் என்று வீட்டு நோட்டில் நோயாளி விவரம் எதுவும் இல்லாமல் எழுதி வையுங்கள், மருத்துவமனையில் ரெசிடென்சிப் பயிற்சிகளை எல்லாம் கவனிக்கிற அலுவலகத்தில் முறையாகப் புகார் கொடுங்கள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட, தன் சிகிச்சையில் இல்லாத நோயாளியின் ரெக்கார்டைத் திறந்து பார்ப்பதோ, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதோ கூடவே கூடாது. யார் எப்போது எந்த ரெக்கார்டைத் திறந்தார் என்பது கணினியில் பதிவாகிறது, நோயாளி ரகசியத்தைக் காக்க 1996-ல் வந்த ஹிப்பா சட்டப்படி அது தனிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும். கூட்டத்தை ரகசியமாக ரெக்கார்ட் செய்வதும் ஆபத்து. சில மாநிலங்களில் ஒருவர் சம்மதம் போதும், கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் எல்லாருடைய சம்மதமும் வேண்டும்.

வக்கீல் வைத்து ஒரே நோட்டீஸில் தூக்கிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 1978-ல் ஹோரோவிட்ஸ் என்ற மருத்துவ மாணவியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படிப்புத் திறன் சம்பந்தமான நீக்கத்துக்கு முறையான விசாரணை கட்டாயமில்லை, முன்கூட்டியே எச்சரித்து ஆசிரியர்கள் யோசித்து எடுத்த முடிவு என்றால் போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே மதிப்பீடு தப்பு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க நினைப்பது பெரும்பாலும் பணத்துக்குக் கேடு. வக்கீலை ஒரு முறை பார்ப்பது வேறு, அது நல்லது, சீக்கிரமே செய்யுங்கள். சஸ்பென்ஷன், பதவி உயர்வு மறுப்பு, ஒப்பந்தம் புதுப்பிக்காமை, நீக்கம் இவற்றுக்கு முறையீட்டு வழி இருந்தே ஆக வேண்டும் என்பது ரெசிடென்சிப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் விதி. ப்ரொபேஷனுக்கும் முறையீடு உண்டா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், கெடுவும் குறைவாக இருக்கும். கடிதம் வந்த வாரமே ஹேண்ட்புக்கைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

அவசரப்பட்டு ராஜினாமா செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு ப்ரோக்ராமுக்குப் போய்விடலாம் என்றால், அங்கே சேர்க்கும் முன் பழைய டைரக்டரிடமிருந்து உங்கள் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குவார்கள், தப்பிக்க முடியாது. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ஸ்பான்சர்ஷிப் அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்குத்தான், பயிற்சி போனால் அதுவும் போகும். எச்-1பி என்ற வேலை விசா என்றால் வேலை நின்ற பிறகு அங்கே இருக்க அதிகபட்சம் 60 நாள். பயிற்சி நீண்டாலோ லீவு எடுத்தாலோ ஜே-1 ஸ்பான்சருக்குத் தெரிவிக்க வேண்டும். விசா வக்கீலிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் மறைப்பதை நான் புரிந்துகொள்கிறேன். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பை அடகு வைத்து அனுப்பிய அப்பாவிடம் எப்படிச் சொல்வது? எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். மனைவிக்கோ கணவருக்கோ, அக்காவுக்கோ, ஒரு நண்பனுக்கோ, ஒருவருக்காவது சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை சொல்லிவிட்டால் "ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகறது" என்று ஆரம்பிக்காதீர்கள், சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேளுங்கள், அது போதும்.

தூக்கம் இல்லாமல், அழுகை வந்துகொண்டு, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் அதை ப்ரொபேஷன் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. ரெசிடெண்ட்களுக்கு ரகசியமான, கட்டுப்படியாகிற மனநல உதவி 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அங்கே 988 என்ற நெருக்கடி உதவி எண்ணில் எந்த நேரமும் எடுப்பார்கள். இங்கே இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. சிகிச்சை எடுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் எத்தனையோ பேர் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறார்கள். பல மாநிலங்கள் லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனநல சிகிச்சை பற்றிக் கேட்ட கேள்வியை மாற்றி, இப்போது வேலையைப் பாதிக்கிற நிலை ஏதாவது உண்டா என்று மட்டும்தான் கேட்கின்றன.

கடைசியாக லைசென்ஸ் விண்ணப்பம். பயிற்சியில் ப்ரொபேஷனில் வைக்கப்பட்டீர்களா என்று பல மாநிலங்களில் நேராகவே கேட்பார்கள், டைரக்டரிடமும் தனியாக அதே கேள்வி போகும். நீங்கள் இல்லை என்று எழுதி அவர் ஆம் என்று எழுதினால், பழைய ப்ரொபேஷனை விட அந்தப் பொய்தான் பெரிய பிரச்சினையாகும். என்ன குறை, என்ன செய்தேன், எந்தத் தேதியில் முடிந்தது என்று நாலு வரியில் எழுதினால் போதும். அந்த நாலு வரிக்காகவே, ப்ரொபேஷன் முடிந்தது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் விடாமல் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள், முதல் கடிதத்தோடு சேர்த்து ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். பயிற்சி முடித்துக் கிளம்பும் முன் டைரக்டரிடம் உட்கார்ந்து, "என்னைப் பற்றிக் கேட்டால் இதைப் பற்றி என்ன எழுதுவீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். அவர் எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.