உயர் குரோமிய வார்ப்பிரும்பின் தேய்மானத்தை ரப்பர் சக்கரத்தில் அளப்பது எப்படி?

ஒரே ராக்வெல் கடினம் (முனையை அழுத்தி அளக்கும் கடின எண்) காட்டும் இரண்டு உயர் குரோமிய வெள்ளை வார்ப்பிரும்புகள் மணலில் உரசும்போது வெவ்வேறு வேகத்தில் தேயலாம். உள்ளே கார்பைடு (கார்பன் உலோகத்தோடு சேர்ந்து உருவாகும் கடினத் துகள்) எவ்வளவு, அதைத் தாங்கும் இரும்புத் தளம் எப்படிப்பட்டது, உரசும் துகள் எது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. அதனால்தான் தேய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுழலும் ரப்பர் சக்கரத்துக்கும் மாதிரிக்கும் நடுவே மணலை விட்டுத் தேய்க்கும் ஏஎஸ்டிஎம் ஜி65 என்னும் தர நிர்ணய உலர் மணல் சோதனையில் தொடங்குவது நல்லது.

படி 1: உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேதிப் பகுப்பாய்வு கையில் இருந்தால் கார்பைடின் அளவைத் தோராயமாகக் கணக்கிடலாம். கார்பன் சதவீதத்தை 12.33-ஆலும் குரோமியத்தை 0.55-ஆலும் பெருக்கிக் கூட்டி, 15.2-ஐக் கழியுங்கள். 2.8% கார்பன், 25% குரோமியம் என்றால் விடை ஏறக்குறைய 33%. வார்ப்பு வெப்பப் பதனம் ஆனதா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 950–1050 டிகிரி செல்சியஸில் வைத்து ஆறவிட்ட வார்ப்பில் தளம் பெரும்பாலும் மார்டென்சைட்டாக (இரும்பின் கடினமான அமைப்பு) இருக்கும். அச்சிலிருந்து எடுத்தபடியே விட்டதில் ஆஸ்டெனைட் (அதைவிட மென்மையான அமைப்பு) அதிகம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் முடிவு குழம்பிப்போகும்.

படி 2: மாதிரி வெட்டுதல்

அளவு 25 × 76 மி.மீ., தடிமன் 3.2 முதல் 12.7 மி.மீ. வரை. கேஸ் கட்டிங் கூடவே கூடாது. இந்த இரும்பு வெப்பத்தில் எளிதாக விரிசல் விடும். கூலன்ட் பாயவிட்டு, வெட்டும் சக்கரத்தால் மெதுவாக அறுங்கள். வயர் இடிஎம்மில் (மின்பொறியால் உலோகத்தை அறுக்கும் கம்பி இயந்திரம்) வெட்டினால், உருகி உறைந்த மேல்படலத்தைக் கிரைண்டிங்கில் முழுதாக நீக்குங்கள். கிரைண்டிங்கில் அவசரப்பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். சோதனையில் கார்பைடு பெயர்ந்து வரும்போது பழி உலோகத்தின் மேல் போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று, மாதிரி எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது. வார்ப்பின் மேற்பரப்பு விரைவாக உறைவதால் அங்கே கார்பைடு நுண்ணியது, நடுவில் பருமனானது. ஒப்பிடும் மாதிரிகள் அனைத்தையும் ஒரே ஆழத்திலிருந்து எடுங்கள்.

படி 3: சுத்தம், எடை

அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, காந்தத்தன்மை இருந்தால் நீக்கி, 0.001 கிராம் துல்லியத்தில் எடை பாருங்கள்.

படி 4: ஓட்டம்

தேய்மானத்தை நன்கு தாங்கும் உலோகங்களுக்கு முறை ஏ பொருத்தம்: சுமை 130 நியூட்டன், நிமிடத்துக்கு 200 சுற்று, மொத்தம் 6000 சுற்று. அதாவது 30 நிமிடம். 228.6 மி.மீ. விட்டமுள்ள ரப்பர் சக்கரத்துக்கும் மாதிரிக்கும் இடையே 50/70 தர (சல்லடை அளவு) உருண்டை குவார்ட்ஸ் மணல் நிமிடத்துக்கு 300–400 கிராம் விழ வேண்டும். ஆகவே ஓர் ஓட்டத்துக்கு 9 முதல் 12 கிலோ மணல் எடுத்து வையுங்கள். ஒருமுறை ஓடிய மணலை மறுபடி போடக்கூடாது. உடைந்து கூர்மையான துகள்கள் வேறு விதமாக வெட்டும். ஈரம் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் நாசிலில் மணல் சீராக இறங்காது.

ஓட்டம் முடிந்ததும் மாதிரியில் தேய்ந்த இடத்தை, அதாவது தழும்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் சக்கரமோ மாதிரியோ நேராக இல்லை, அல்லது மணல் திரை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 5: கணக்கு

எடை இழப்பை நேரடியாக ஒப்பிடாதீர்கள்; அடர்த்தி மாறும்போது அது தவறான வரிசையைத் தரும். இழப்பை அடர்த்தியால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கன மி.மீ. கிடைக்கும். உதாரணத்துக்கு, 0.230 கிராம் இழப்பு, அடர்த்தி கன செ.மீ.க்கு 7.65 கிராம் என்றால் 30.07 கன மி.மீ. சக்கரம் தேய்ந்து 224.0 மி.மீ. ஆகியிருந்தால், 228.6-ஐ 224.0-ஆல் வகுத்துப் பெருக்குங்கள்: 30.68. விட்டம் 215.9 மி.மீட்டருக்குக் கீழே போனால் சக்கரத்தை மாற்றுங்கள்.

படி 6: தழும்பைப் படித்தல்

முழு வேலையிலும் அதிகம் கற்றுத்தரும் பகுதி இதுதான். குவார்ட்ஸின் கடினம் சுமார் 1000–1100 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் இன்னொரு அளவுகோல்). குரோமியக் கார்பைடு 1200–1800. அதனால் மணல் கார்பைடைக் கீற முடியாமல் இரும்புத் தளத்தைத்தான் தோண்டும். நுண்ணோக்கியில் கார்பைடு மேடாக நிற்பதும் அதன் விளிம்புகள் மழுங்குவதும் தெரியும். தளம் மென்மையாக இருந்தால் தாங்கல் இழந்த கார்பைடு உடைந்து விழும். அப்போது கார்பன் கூட்டுவதைவிட வெப்பப் பதனத்தைத் திருத்துவதே பலன் தரும்.

உங்கள் இயந்திரத்தில் உரசுவது சுமார் 2000 விக்கர்ஸ் கடினமுள்ள அலுமினா என்றால் கார்பைடும் கீறப்படும். குவார்ட்ஸில் கிடைத்த வரிசை அங்கே செல்லாது. கல் நொறுக்கும் தாடைகளுக்கும் இந்த எண் போதாது. ஜி65 குறைந்த அழுத்தச் சோதனை. துகள்கள் நொறுங்கும் அழுத்தத்தில் பருமனான கார்பைடுகள் விரிசல் விட்டுச் சிதறும். அவற்றுக்கு ஜி81 தாடைச் சோதனையை நாடுங்கள்.