டென்டல் சேரின் தண்ணீர் டியூபை எப்படிப் பராமரிப்பது

பல் கிளினிக்கில் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு இருக்கும் மரியாதை தண்ணீர் டியூபுக்கு இல்லை. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸைப் பையில் போட்டு, 134 டிகிரியில் வைத்து, இண்டிகேட்டர் நிறம் மாறியதா என்று பார்த்துத்தான் எடுக்கிறோம். எடுத்து மாட்டியதும் அதன் வழியாக வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறவன்தான். மாதத்தில் ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்கிவைக்கிறேன்.

முதலில் டியூபுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அதன் உள்விட்டம் சுமார் 2 மி.மீ. நடுவில் தண்ணீர் வேகமாக ஓடினாலும் சுவரை ஒட்டிய பகுதி கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. இரவெல்லாம், விடுமுறை நாளெல்லாம் அப்படியே தேங்கி நிற்கும். தண்ணீரில் கொஞ்சமாக இருக்கும் பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டி, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டி, அதற்குள் குடியிருக்கும். இதுதான் பயோஃபிலிம். 1683-ல் நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டி லென்ஸில் பார்த்த பிளேக் என்ற பல் அழுக்குப் படலமும் இதே ஜாதிதான். பிரஷ் போடாமல் வாயை மட்டும் கொப்பளித்தால் போதும் என்று எந்த நோயாளியிடமாவது சொல்வோமா? டியூபை மட்டும் காலையில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம்.

ஓடவிடுவது வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நோயாளி எழுந்ததும் ஹேண்ட்பீஸ், காற்றும் தண்ணீரும் பீச்சும் த்ரீ-வே சிரிஞ்ச், பல் காரையை எடுக்கும் ஸ்கேலர் மூன்றையும் 20 முதல் 30 வினாடி ஓடவிட வேண்டும். வாயிலிருந்து பின்னோக்கி உறிஞ்சப்பட்ட எச்சிலும் ரத்தமும் அதில் வெளியேறும். அந்த வேலைக்கு அது போதும். படலத்தைப் பெயர்க்க அதற்கு வலு இல்லை. ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு தண்ணீரோ ஊற்றினாலும் இதே கதைதான். உள்ளே போகும்போது சுத்தமாக இருக்கும் தண்ணீர், படலத்தை உரசிக்கொண்டு வெளியே வரும்போது அப்படி இருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

சேருக்குத் தனி வாட்டர் பாட்டில் இருந்தால் வேலை சுலபம். பாட்டிலின் வாய்ப்பகுதியைத் தொடாமல், கையுறையோடு அதைக் கழற்றுங்கள். தினமும் மாலை மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கவிழ்த்துக் காயவிடுங்கள். தினசரிப் பராமரிப்புக்கான மாத்திரை அல்லது திரவம் சேர்ப்பதாக இருந்தால், சேர் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிப்பதை மட்டும் சேருங்கள். பிளீச் மலிவு என்று ஊற்றி உள்ளேயிருக்கும் உலோகத்தை அரிக்கவிட்ட சேர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ரசாயனங்களைக் கலக்கவே வேண்டாம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அப்புறம் ஷாக் ட்ரீட்மென்ட். தினசரி மருந்து புதிதாக ஒட்ட வருவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கட்டிய படலத்துக்கு வீரியமான மருந்து வேண்டும். ஹேண்ட்பீஸ்களைக் கழற்றிவிட்டு, பாட்டிலில் மருந்துக் கரைசலை நிரப்பி, ஒவ்வொரு லைனிலும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் போகும் டியூபிலும், அது முனைவரை வரும்படி ஓடவிட வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் அப்படியே விட்டுவைத்து, பிறகு சுத்தமான தண்ணீரால் முழுவதும் அலச வேண்டும். இதில் தப்பு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஏதோ ஒரு லைன் விட்டுப்போகும். உதவியாளர் பக்கத்து சிரிஞ்ச், எப்போதாவது எடுக்கும் இரண்டாவது ஹேண்ட்பீஸ், கொப்பளிக்கும் டம்ளரை நிரப்பும் குழாய். ஆள் தொடாத லைனில்தான் தண்ணீர் அதிகம் தேங்கும். எங்கள் கிளினிக்கில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த உதவியாளர் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு எண் ஒட்டிவைத்திருக்கிறார். நோட்டில் எல்லா எண்ணுக்கும் டிக் விழாமல் விளக்கை அணைக்க விடமாட்டார்.

இவ்வளவும் செய்தாலும், வேலை செய்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதனால் பரிசோதனை கட்டாயம். என்னைக் கேட்டால், சோதித்துப் பார்க்காமல் மருந்து ஊற்றுவதற்கும் ஊற்றாமல் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்லும் அளவு: அறுவை அல்லாத சிகிச்சைக்கான தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 சிஎஃப்யூவுக்கு (லேபில் வளர்த்து எண்ணும் பாக்டீரியா காலனிகளுக்கு) மேல் போகக்கூடாது. ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பாட்டிலில் மாதிரி பிடியுங்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் பாட்டிலில் அதை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியிலேயே பாக்டீரியாக்கள் செத்து, பொய்யான நல்ல ரிசல்ட் வரும். வேறு மருந்து போடுகிறீர்கள் என்றால் அதன் பெயரை லேபிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாதிரியைக் குளிரவைத்து, உறையவிடாமல், ஒரு நாளைக்குள் சேர்த்துவிடுங்கள். நான் மாதம் ஒருமுறை சோதிப்பேன். தொடர்ந்து இரண்டு மாதம் நன்றாக வந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு தாண்டினால் மீண்டும் ஷாக், மீண்டும் சோதனை.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2011-ல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியனேர்ஸ் நோய் என்ற கடும் நிமோனியாவால் இறந்தார். அவர் உடலில் கிடைத்த லெஜியோனெல்லா பாக்டீரியாவும் அவர் சிகிச்சை பெற்ற பல் கிளினிக்கின் டியூபில் கிடைத்ததும் ஒன்றாக இருந்தன. 2016-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில், பால் பல்லுக்குப் பல்பாட்டமி (பல்லுக்குள் இருக்கும் கூழ்ச் சதையின் மேல்பகுதியை எடுக்கும் சிகிச்சை) செய்துகொண்ட குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கேயும் தண்ணீர்தான் காரணம்.

எலும்பைத் தொடும் அறுவை சிகிச்சைக்கு டியூப் தண்ணீரே வேண்டாம், சோதனையில் எவ்வளவு நல்ல ரிசல்ட் வந்திருந்தாலும். ஸ்டெரைல் சலைனை ஸ்டெரைல் சிரிஞ்சில் எடுத்து ஊற்றுங்கள். சலைனைச் சேரின் பாட்டிலில் ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அதே டியூப் வழியாகத்தானே வருகிறது.

நீண்ட விடுமுறைக்கு மூடும்போது லைன்களைக் காற்றடித்துக் காலி செய்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் முதல் நோயாளியை உட்காரவைப்பதற்கு முன் ஷாக் கொடுத்து, மாதிரியும் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள்.