சவுத் டவுன்ஸ் குன்றுகளில் மவுண்டன் பைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வின்செஸ்டர் நகரிலிருந்து கடலோர ஈஸ்ட்போர்ன் வரை நீண்டு கிடக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகள் பார்வைக்குச் சாதுவானவை. புல் போர்த்த முகடுகளும் ஆடுகள் மேயும் சரிவுகளுமே எங்கும் தென்படும். சாக் எனப்படும் வெண்மையான மென்சுண்ணக்கல்லால் ஆன இக்குன்றுகளில் உயரமான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எவரும் எந்த நாளிலும் ஓட்டக்கூடிய இடம் இது என்று முடிவு செய்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முகட்டின் நெடுகச் செல்லும் சவுத் டவுன்ஸ் வே என்னும் தடம் சுமார் 160 கிலோமீட்டர் நீளமுடையது. மியான், ஆரன், ஆடூர், ஊஸ், கக்மியர் ஆகிய ஆறுகள் குன்றுத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுவதால், ஒவ்வோர் ஆற்றுக்கும் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மீண்டும் முகட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது. முழுத் தடத்தின் ஏற்றங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரும். தொலைவை மட்டும் வைத்து நேரம் கணக்கிடுபவர் மாலையில் இரண்டு ஏற்றங்கள் மீதமிருக்க இருட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். குன்றுகளின் இரு பக்கங்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. தெற்குப் பக்கம் மெல்லத் தாழ்கிறது. வடக்குப் பக்கமோ சட்டென்று விழுகிறது. தெற்கிலிருந்து சிரமமின்றி ஏறி வந்த புதியவர், வட்டத்தை முடிப்பதற்காக வடக்கே இறங்கத் தொடங்கிய பிறகே, அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி இறக்கமாகத் தன் முன்னே காத்திருப்பதை உணர்கிறார். வந்த வழியே திரும்புவது புதியவருக்கு ஒருபோதும் இழுக்கல்ல.

அடுத்தது நிறங்களால் வரும் குழப்பம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனில் மிதிவண்டிக்கென்றே அமைக்கப்பட்ட தடங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடின வரிசையில் நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை மிக எளிது, கறுப்பு மிகக் கடினம். ஆனால் கிராமப்புறப் பொதுவழிகளின் கம்பங்களில் காணப்படும் அம்புக்குறிகளின் நிறங்களுக்கும் இந்த வரிசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான வழியைக் காட்டுகிறது. நீல அம்பு, நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் செல்லக்கூடிய பிரைடில்வேயைக் காட்டுகிறது. சிவப்பு அம்பு இருந்தால் மோட்டார் வாகனங்களும் அவ்வழியே வரலாம். ஆகவே நீல அம்பைக் கண்டு நடுத்தரத் தடம் என்று நினைப்பவர் செங்குத்தான, வேர்கள் புடைத்த இறக்கத்தில் போய் நிற்கலாம். சிவப்பு அம்பைக் கண்டு சவாலை எதிர்பார்ப்பவருக்கு ஜீப் சக்கரங்கள் தோண்டிய பள்ளங்களைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் போகலாம். அம்புகள் யாருக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்கின்றனவே தவிர, எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வதில்லை. பிரைடில்வேக்களுக்குக் கடினத் தரவரிசை எதையும் எவரும் இட்டு வைக்கவில்லை.

உரிமை பற்றிய பிழை இதன் தொடர்ச்சிதான். 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் பிரைடில்வேயில் மிதிவண்டி ஓட்டும் உரிமையைத் தந்தபோது, நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே தந்தது. தேசியத் தடங்களின் சின்னமான ஓக் விதையைக் கண்டால் எங்கும் ஓட்டலாம் என்பது தவறான எண்ணம். சவுத் டவுன்ஸ் வேயிலேயே, ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துக்குக் கிழக்கே தடம் இரண்டாகப் பிரிகிறது. செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறை முனைகளின் மேல் செல்வது நடப்பவர்களுக்கானது. ஜெவிங்டன் வழியாக உள்நாட்டில் செல்வதே மிதிவண்டிக்கானது. அழகு கருதி முதலாவதில் நுழைபவர்கள் உண்டு. கடலரிப்பால் உடைந்து விழுந்துகொண்டே இருக்கும் பாறை விளிம்பில் மிதிவண்டிக்கு வேலையில்லை என்பதே என் கருத்து. சட்டமும் அங்கே அதற்கு உரிமை தரவில்லை. இன்னொரு தேசியத் தடமான நார்த் டவுன்ஸ் வேயின் பல பகுதிகளும் நடப்பவர்களுக்கானவை. ரிட்ஜ்வே என்னும் தேசியத் தடத்தில் தேம்ஸ் நதிக்கு மேற்கேயுள்ள பகுதி மிதிவண்டிக்கு ஏற்றது. கிழக்கே நிலைமை வேறு.

இனி நிலத்துக்கு வருவோம். ஏனென்றால், தடத்தின் தரத்தைச் சாக் நிலத்தில் தீர்மானிப்பது சரிவைக் காட்டிலும் ஈரமே. காய்ந்திருக்கும்போது இந்த நிலம் உறுதியாக இருக்கும், வண்டி விரைவாக ஓடும். மழை பெய்ததும் அதன் மேற்பரப்பு சோப்பு நுரை படிந்த குளியலறைத் தரையைப் போலாகிவிடுகிறது. சாக் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகையால் மழை நின்றதும் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். திறந்த முகட்டில் இது பெரும்பாலும் உண்மை. ஆனால் பீச் (beech) என்னும் காட்டு மரங்கள் மூடிய, வெயில் எட்டாத, தாழ்ந்த வழிகளில் வெண்பரப்பின் மேல் மெல்லிய பச்சைப்பாசி படர்ந்து நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். முகட்டில் வண்டியின் பிடிப்பு நன்றாக இருந்ததை நம்பி அதே வேகத்தில் மரநிழலுக்குள் இறங்குவதுதான் இப்பகுதியில் அனுபவசாலிகளையும் கீழே தள்ளும் தவறு. வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் சொல்லாமல் நழுவிவிடும். கோடையில் ஓட்டிப் பழகிய தடத்தையே நவம்பரில் ஒரு படி கடினமானதாகக் கருதி, அதற்கேற்ற தடத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை.

சாக் அடுக்குகளுக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் புதைந்திருக்கின்றன. உடையும்போது அவற்றின் விளிம்பு கத்தியாகிறது. மெல்லிய பக்கச்சுவர் கொண்ட பந்தய டயர்களைப் போட்டுக்கொண்டு வருபவர்கள், உள்ளே சீலன்ட் என்னும் துளையடைக்கும் திரவம் ஊற்றிய, டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். சிறு துளைக்கு அது போதும். பக்கச்சுவரில் நீளமாகக் கிழிந்தால் போதாது. உபரி டியூப் ஒன்றும், கிழிசலுக்கு உள்ளிருந்து வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றும் பையில் இருக்க வேண்டும். பிடிப்பு வேண்டும் என்று காற்றை மிகவும் குறைத்துவிட்டால் இந்தக் கற்களே சக்கரத்தின் விளிம்பை நசுக்கும்.

புதியவர்கள் ஃபிரிஸ்டன் காட்டிலோ பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு அருகிலுள்ள குயீன் எலிசபெத் கன்ட்ரி பார்க்கிலோ மிதிவண்டிக்கென்று குறியிடப்பட்ட தடங்களில் தொடங்கலாம். பழைய ரயில்பாதையின் மேல் பெரிதும் சமமாகச் செல்லும் டவுன்ஸ் லிங்க் அதனினும் எளிது. இடைநிலையில் இருப்பவர்கள் செய்யும் பிழை, முகட்டில் ஏறிய பின் பாதியில் வெளியேற வழி பார்த்து வைக்காமல் கிளம்புவது. ஆம்பர்லி, சவுத்தீஸ் ஆகிய ரயில் நிலையங்கள் தடத்துக்கு அருகிலேயே இருப்பதால், அவற்றை மையமாக வைத்துத் திட்டமிட்டால் கால் சோர்ந்தாலும் வண்டி பழுதானாலும் வீடு திரும்பலாம். தேர்ந்தவர்களின் தவறு வேறு வகையானது. தாவிக் குதிக்க மேடு தேடி, பழங்காலப் புதைமேடுகளின் மீதும் இரும்புக்காலக் கோட்டைகளின் மண்கரைகள் மீதும் வண்டியை ஏற்றுகிறார்கள். இவற்றில் பல பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள், சேதப்படுத்துவது குற்றம்.

தண்ணீர் விஷயத்தில் அனைவரும் ஏமாறுகிறார்கள். பச்சையாக இருக்கும் குன்றில் ஓடை இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் சாக் மழையை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் முகட்டில் ஓடைகளே இல்லை. தடத்தோரம் ஆங்காங்கே குழாய்கள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்பதைக் கிளம்பும் முன் வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதே நல்லது. நிழலற்ற முகட்டில் எதிர்க்காற்றோடு மிதிப்பது ஏற்றத்தைவிடக் களைப்பூட்டும்.

குதிரையைக் கண்டால் தொலைவிலேயே குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, அகலமாக இடம் விட்டுக் கடக்க வேண்டும். பின்னாலிருந்து ஓசையின்றி வரும் வண்டிக்குக் குதிரை மிரளும். ஆட்டு மந்தைகள் இருக்கும் இடங்களில் மூடியிருந்த வாயிற்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுச் செல்லக் கூடாது. வீடு திரும்பியதும் வண்டியை மறுநாள் கழுவலாம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள்: ஈரச் சாக் காய்ந்து இறுகினால் சங்கிலியிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.