பிரேக் கொதிக்கிறதா? ரிம்மைக் கடைசியில் வாங்குங்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்ததும் தேடத் தொடங்குவது 17 அங்குல ரிம்மைத்தான். நானும் அதே கட்சிதான். மலேசியாவின் செப்பாங் ட்ராக்கில் நாலாவது சுற்றில் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. அன்றிரவே உட்கார்ந்து ரிம் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று புரிய ஒரு வருடம் ஆனது. முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். அப்புறம் அந்தப் பிரேக் உள்ளே அடங்குகிற ரிம்களில் மிகச் சிறியதை வாங்குங்கள்.

1. பெடல் சொல்வதைக் கேளுங்கள்

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறது: சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட், தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது: பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து. குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? 1,000 கிலோ எடையுள்ள கார் 160 கிமீ வேகத்திலிருந்து 80-க்குக் குறையும்போது சுமார் 740 கிலோஜூல் வெப்பமாக மாறுகிறது. இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஒரே ஒரு வளைவுக்கு இவ்வளவு! செப்பாங்கில் நீண்ட நேர்பாதை, 15-ஆம் வளைவில் பலமான பிரேக், மறுபடி நேர்பாதை, முதல் வளைவில் இன்னொரு பிரேக். நடுவில் ஆறுவதற்கு நேரம் கம்மி.

2. ஆயிலை மாற்றுங்கள்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இதில்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155. டாட் 5.1-க்கு 260, 180. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. புது ஆயிலை ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஏர் எடுக்கும்போது மேலே உள்ள டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கோட்டைவிட்டால் காற்று உள்ளே போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

3. பேட், காற்று, ஓட்டும் விதம்

ட்ராக்குக்கான பேட் வாங்குங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது கீச்சிடும், சரியாகப் பிடிக்காது. அதனால் தினசரி ஓட்டத்துக்கு வேறு செட். காற்றுக்குழாய் போடுவதாக இருந்தால் டிஸ்க்கின் முகத்தை நோக்கி அல்ல, நடுக்கண்ணை நோக்கி விடுங்கள். முன் டிஸ்க் உள்துளைகள் கொண்டது. நடுவில் காற்றை இழுத்து விளிம்பில் வெளியே தள்ளும்.

கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டால் போதும். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால், பிறகு பிரேக் போடும்போதெல்லாம் உதறும்.

4. டிஸ்க் அளவு

இவ்வளவு செய்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க். தொடக்ககால 1.6 லிட்டர் இன்ஜின் காரில் முன் டிஸ்க் 235 மிமீ. 1994-இல் வந்த 1.8-இல் 255. அடுத்த தலைமுறையின் ஸ்போர்ட் பிரேக்கில் 270, அதற்குக் குறைந்தது 15 அங்குல ரிம் வேண்டும். 17 அங்குலம் கேட்கிற பிரேக் எதுவும் இந்த வரிசையில் இல்லை.

5. இப்போது ரிம்

இந்தக் காருக்கு நான்கு போல்ட், அவை அமையும் வட்டம் 100 மிமீ, ரிம்மின் நடுத்துளை 54.1 மிமீ. துளை பெரிய ரிம்முக்கு வளையம் போடுவார்கள். ட்ராக்கில் ஓட்டுபவர்கள் அலுமினிய வளையமாக வாங்குங்கள், பிளாஸ்டிக் சூட்டில் இளகும்.

அங்குலத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே 15 அங்குலத்தில் ஒரு ரிம்மின் ஆரக்கால், பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரை உரசும், இன்னொன்று தாராளமாகச் சுற்றும். ஆரக்கால் எவ்வளவு வெளியே வளைந்திருக்கிறது என்பதுதான் விஷயம். டயர் இல்லாத வெறும் ரிம்மைக் கடையில் கேட்டு வாங்கி, காலிப்பர் மேல் கொஞ்சம் களிமண் ஒட்டி, ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். களிமண் மூன்று மிமீக்குக் கீழே நசுங்கியிருந்தால் அந்த ரிம் வேண்டாம். பேலன்ஸ் பார்க்கும்போது உள்பக்கம் ஒட்டுகிற எடைத்துண்டுக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், காலிப்பரில் இன்னும் தழும்பு இருக்கிறது.

டயர் 195/50 ஆர்15 போட்டால் வெளிவிட்டம் 576 மிமீ. கம்பெனி கொடுத்த 185/60 ஆர்14-க்கு 578. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஒவ்வொரு கியரிலும் கார் போகும் வேகமும் மாறாது.

நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள், ஆனால் கை வைக்கும் அளவுக்கு ரிம் ஆறிய பிறகு.