பென் தான் சந்தையில் ஃபோ சாப்பிடும்போது

வியட்நாமின் சைகோனுக்கு என்னைப் பார்க்க ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் காலை எங்களுக்கு ஒரே வழிதான். ட்ருவோங் தின் தெரு மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நடந்தே பென் தான் சந்தை. 1914-ல் திறந்த கட்டடம். துணிக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். ஆவி பறக்கும் அண்டா, அதற்கு முன்னால் ஒரு மேடை, மேடையை ஒட்டி முக்காலிகள். எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்பேன். ஃபோ என்பது எலும்புச் சூப்பில் போட்ட அரிசி நூடுல்ஸ், அடிப்படையில் காலைச் சாப்பாடு. இரவெல்லாம் அடுப்பில் கிடந்த எலும்புச் சூப் அந்நேரம்தான் தெளிவாக இருக்கும்.

உட்கார்ந்ததும் கடைக்காரப் பெண்ணை ‘சி ஒய்’ என்று கூப்பிடுங்கள். சி என்றால் அக்கா. வயதில் மூத்தவர் என்றால் ‘கோ ஒய்’, அதாவது அத்தை. முன்பின் தெரியாதவரையும் நம்மைப் போலவே முறை வைத்துத்தான் இங்கே கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அவர்கள் முகமே மலர்ந்துவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் ‘தாய்’ கேளுங்கள். மெல்லிசாகச் சீவிய பச்சைக் கறியை நூடுல்ஸ் மேல் பரப்பி, கொதிக்கும் சூப்பை ஊற்றித் தருவார்கள். பச்சைக் கறி என்றால் தயக்கமா? ‘சின்’ கேளுங்கள், முழுக்க வெந்தது. எனக்குப் பிடித்தது ‘தாய் நாம்’. பச்சைச் சீவலோடு விலாப்பக்கத்து வெந்த கறியும் சேர்ந்து வரும். மாடு வேண்டாம் என்றால் ‘ஃபோ கா’, கோழி. சைவக்காரர்கள் ‘சய்’ என்று எழுதிய கடையைத் தேடுவதுதான் நல்லது. மற்ற கடைகளில் இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் சூப்பில் எலும்பும் மீன் சாறும் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நிறையப் பேர் விரதம் இருப்பதால் அப்போது சய் எளிதாகக் கிடைக்கும்.

கிண்ணம் வந்ததும் எதையும் தொடாதீர்கள். கரண்டியை எடுத்து வெறும் சூப்பை மூன்று வாய் குடியுங்கள். நான் முதன்முதலில் வந்தபோது, மேடையில் இருந்த கறுப்புச் சாஸைக் கிண்ணத்தில் பிழியப் போனேன். கடைக்கார அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுத்தார். குடித்தேன். முதலில் அன்னாசிப்பூவும் பட்டையும் மூக்கில் ஏறின, நம் பிரியாணி வாசம்தான். ஆனால் எண்ணெய் இல்லை, காரம் இல்லை. அடுத்த வாயில், தணலில் சுட்ட இஞ்சி, வெங்காயத்தின் கருகிய இனிப்பு. மூன்றாவதில் மீன் சாற்றின் உப்பு, நாக்கின் ஓரத்தில். சாஸ் ஊற்றியிருந்தால் இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதற்குள் பச்சைக் கறியைச் சாப்ஸ்டிக்கால் சூப்புக்குள் அமுக்கிவிடுங்கள். அரை நிமிடத்தில் சிவப்பு மாறி வெளுத்துவிடும்.

இனி தழைத் தட்டு. இது தெற்கத்திப் பழக்கம். ஃபோ பிறந்த வடக்கில் இவ்வளவு தழை தர மாட்டார்கள். 1954-ல் நாடு பிரிந்தபோது தெற்கே வந்தவர்கள் ஃபோவை இங்கே பரப்பினார்கள், சைகோன் தன் தழைகளைச் சேர்த்துக்கொண்டது. ரம்பப் பல் போன்ற ஓரமுள்ள நீள இலை, கொத்தமல்லியைவிட வாசம் தூக்கல். ஊதாத் தண்டுள்ளது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். இலைகளைக் கையால் கிள்ளி, நாலைந்தாகப் போடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் சூப் ஆறிவிடும், இலையும் துவண்டுவிடும். பச்சைப்பயறு முளையைப் பச்சையாகப் பிடிக்காதவர்கள் ‘யா ட்ருங்’ என்றால் வெந்நீரில் முக்கித் தருவார்கள். எலுமிச்சையைப் பாதி கிண்ணம் காலியான பிறகு பிழியுங்கள். அதே சூப் புதுசாகத் தெரியும்.

சாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னத் தட்டில் கறுப்புச் சாஸும் மிளகாய்ச் சாஸும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, கறித்துண்டைத் தொட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்திலேயே ஊற்றிக்கொள்ளும் சைகோன்காரர்களும் உண்டு. எனக்கு மனசு வராது.

வலது கையில் சாப்ஸ்டிக், இடது கையில் கரண்டி. நூடுல்ஸை ஒரு வாய் அளவுக்குத் தூக்கிக் கரண்டியில் இறக்கி, கொஞ்சம் சூப்போடு வாயில் வையுங்கள். படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். அரிசி நூடுல்ஸ் பத்து நிமிடத்தில் ஊறி உப்பிவிடும், பிறகு அது கஞ்சிதான்.

முடித்ததும் ‘திங் தியென்’ என்றால் கணக்குப் போடுவார்கள். மேடையில் வைத்திருக்கும் ஈரத் துண்டுப் பொட்டலத்துக்குப் பல கடைகளில் தனிக் காசு. வேண்டாமென்றால் பிரிக்காமல் விட்டுவிடுங்கள்.