வைட் ரிசீவரின் 40 யார்டு ஓட்ட நேரத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல். அதன் அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் டிராஃப்டுக்கு முன்னால், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் என்எஃப்எல் கம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கும். கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வரவிருக்கும் வீரர்கள் அங்கே 40 யார்டு, அதாவது சுமார் 36.6 மீட்டர், நேர்கோட்டில் ஓடிக் காட்டுவார்கள். வைட் ரிசீவர்கள் ஓடும் நாளில்தான் பரபரப்பு அதிகம். ஓரத்திலிருந்து கிளம்பி ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர்கள் அவர்கள். "4.3 ஓடிட்டான், முதல் சுற்றிலேயே எடுத்துடுவாங்க" என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிடும். அந்த ஒற்றை எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரு வீரரை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

படி 1: நேரம் எங்கே எடுக்கப்பட்டது என்று பாருங்கள்

கம்பைனில் ஓடியதா, வீரரின் சொந்தக் கல்லூரியில் நடக்கும் "புரோ டே"யில் ஓடியதா? கம்பைனில் எல்லாருக்கும் ஒரே தரை, முடிவுக்கோட்டில் மின்னணுக் கருவி. புரோ டேயில் பெரும்பாலும் கையில் ஸ்டாப்வாட்ச்தான். நேரம் கொஞ்சம் குறைவாகவே விழும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

படி 2: விநாடியை யார்டாக மாற்றுங்கள்

4.40 ஓடியவருக்கும் 4.60 ஓடியவருக்கும் என்ன வித்தியாசம்? ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இவர்கள் விநாடிக்குச் சுமார் 10 யார்டு வேகத்தில் போவார்கள். 0.20 விநாடி என்றால் 2 யார்டு. நீளமாக எறியப்படும் பந்துக்கு இது பெரிய இடைவெளி. ஆனால் பெரும்பாலான பந்துகள் அவ்வளவு தூரம் போவதில்லை. முதல் 10 யார்டில் அதே இருவருக்கும் நடுவே அரை யார்டு இருந்தாலே அதிகம்.

அதனால்தான் மொத்த நேரத்தோடு 10 யார்டு நேரத்தையும் தேடிப் பாருங்கள் என்கிறேன். அது 1.5 விநாடியை ஒட்டி இருந்தால் கிளம்பும் வேகம் நல்ல வேகம்தான்.

படி 3: உடல் எடையைப் பக்கத்தில் எழுதுங்கள்

2024இல் சேவியர் வொர்த்தி 4.21 விநாடியில் ஓடி கம்பைன் சாதனையை முறியடித்தார். அவர் எடை 165 பவுண்டு. 2019இல் டிகே மெட்காஃப் 4.33 ஓடினார், எடை 228 பவுண்டு. அந்த உடம்போடு அந்த வேகம் என்பது மலைக்க வைக்கும் விஷயம். ஆனால் கூம்புகளைச் சுற்றித் திரும்பி ஓடும் "த்ரீ-கோன்" சோதனையில் அவருக்கு 7.38 விநாடி ஆனது. நேராகப் பறக்கிறவர், வளைந்து திரும்பத் திணறினார். இரண்டாம் சுற்றின் கடைசியில், 64ஆவதாகத்தான் சியாட்டில் அணி அவரை எடுத்தது. 4.33, 7.38 என்ற இரண்டு எண்களுமே அவரைப் பற்றி உண்மையைத்தான் சொல்லின.

படி 4: ரிசீவரை விட்டுவிட்டு, எதிரே நிற்பவரைப் பாருங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. ரிசீவரின் வேகம் ஆட்டத்தில் செல்லுபடியாகிறதா என்பது அவரை மறிக்கும் கார்னர்பேக்கின் காலில் தெரியும். எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார்? பந்து ஆட்டத்துக்கு வந்ததும் எந்தக் கணத்தில் இடுப்பைத் திருப்பி ஓடத் தொடங்குகிறார்? தாண்டிப் போய்விடுவான் என்ற பயம் இருந்தால் சீக்கிரமே திரும்பிவிடுவார். அந்த நொடியில் ரிசீவர் சட்டென்று நின்று குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பினால், சுற்றி ஆளே இருக்காது. 12 யார்டில் பிடித்த அந்தப் பந்துக்கும் காரணம் வேகம்தான்.

இந்தப் பயம் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது. பாப் ஹேய்ஸ் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்கு வந்தார். ஒரே ஆளை வைத்து அவரை மறிக்க முடியாமல் எதிரணிகள் திணறின. ஆளுக்கு ஆள் என்பதை விட்டு, இடத்தைப் பங்குபோட்டுக் காக்கும் "ஸோன்" முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தொலைக்காட்சி ஒளிபரப்பில் இதைப் பார்ப்பது கஷ்டம். கேமரா பந்தைப் பிடித்துக்கொண்டே போகும், ரிசீவர் படத்துக்கு வெளியே போய்விடுவார். 22 பேரும் தெரிகிற "ஆல்-22" காட்சி கிடைத்தால் அதில் பாருங்கள்.

படி 5: வேகம் சொல்லாததைத் தேடுங்கள்

முழு ஓட்டத்திலிருந்து எத்தனை எட்டில் நிற்கிறார்? கார்னர்பேக் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்போது எப்படி விடுபடுகிறார்? பந்தைக் கையால் பிடிக்கிறாரா, மார்பில் அணைத்துப் பிடிக்கிறாரா? 40 யார்டு ஓட்டத்தில் இவை எதுவுமே தெரியாது.

கூப்பர் கப் 2017 கம்பைனில் 4.62 ஓடினார். 2021 பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து, 1,947 யார்டும் 16 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் போய் எடுக்கும் ஸ்கோர்) எடுத்தார். மூன்றிலும் லீக்கில் அவர்தான் முதலிடம். அன்குவான் போல்டின் 2003இல் 4.72 ஓடினார், அதே ஆண்டு, தன் முதல் பருவத்திலேயே, 101 பந்துகளைப் பிடித்தார். மறுபக்கம், ஜான் ராஸ் 2017இல் 4.22 ஓடி, அன்றைய சாதனையோடு டிராஃப்டில் 9ஆவது ஆளாக சின்சினாட்டி அணிக்குப் போனார். முதல் பருவத்தில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்கள் அவரை விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ், 4.30 ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை 7ஆவது இடத்தில் எடுத்தது. மைக்கேல் கிராப்ட்ரீ என்ற ரிசீவரை அப்போது இன்னும் எந்த அணியும் எடுத்திருக்கவில்லை. 10ஆவதாகப் போன அவர்தான் பின்னாளில் அதிகப் பந்துகளைப் பிடித்தார்.

அதனால் நான் 4.60 ஓடியவரைப் பட்டியலிலிருந்து அடிப்பதில்லை. அவருடைய காட்சிகளைக் கூடுதலாக ஒரு மணி நேரம் பார்ப்பேன், அவ்வளவுதான். 4.30 ஓடியவர் என்றால் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், கார்னர்பேக் உண்மையிலேயே பயப்படுகிறாரா என்று சரிபார்ப்பேன்.

படி 6: நீங்களே எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: கார்னர்பேக் தள்ளி நின்ற தூரம், அவர் திரும்பிய இடம், பந்து வரும்போது இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி. ஒரே ரிசீவரை 20 தடவை பாருங்கள், பந்து அவரிடம் வராத தடவைகளையும் சேர்த்து. எழுதி முடித்த பிறகுதான் அவருடைய 40 யார்டு நேரத்தைத் தேட வேண்டும்.